பிரஸ்காரப் பையன் கர்தார் சிங்

பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்ற கையோடு, 1981இல் கும்பகோணத்தில் ஒரு சின்ன பிரஸ்ஸில் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் எழுத்துக் கோக்கும் கம்போசிங் பக்கமே விடவில்லை. அடித்து முடித்த ‘பாரத்தை’, அதாவது சட்டத்தில் இறுக்கிக் கட்டிய எழுத்துகளை, மண்ணெண்ணெய் விட்டுத் துடைப்பது, ஈய எழுத்துகளைப் பிரித்து அதனதன் கட்டத்தில் போடுவது, டீ வாங்கி வருவது, இவ்வளவுதான் வேலை. அப்புறம்தான் மிதி மெஷினில் நிற்க வைத்தார்கள். வலது கை தாளை வைக்கும், இடது கை அடித்த தாளை எடுக்கும், கால் நிற்காமல் மிதித்துக்கொண்டே இருக்கும். தாளம் தப்பினால் விரல் இருக்காது. எங்கள் பிரஸ்ஸில் மூத்த கம்பாசிட்டர் அண்ணன் ஒருவருக்கு ஆள்காட்டி விரலில் பாதிதான் உண்டு. அந்தப் பாதி விரலால் அவர் எழுத்துப் பொறுக்கும் வேகம் எனக்குக் கடைசி வரை வரவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எனக்குப் பஞ்சாபிப் புரட்சியாளர் கர்தார் சிங் சராபாவைப் பிடித்துப்போனது துப்பாக்கியால் இல்லை. அவரும் மெஷினில் நின்றவர். பதினேழு வயதில், சான் ஃபிரான்சிஸ்கோவில், கையால் இயக்கும் மெஷினைச் சுற்றிச் சுற்றி ஒரு பத்திரிகை அடித்தவர். பத்தொன்பது வயதில் லாகூர் சிறையில் தூக்கில் போட்டார்கள்.

போன வருடம் மகன் வீட்டுக்குக் கலிஃபோர்னியா போயிருந்தேன். மகனுக்கு வேலை, மருமகளுக்கு வேலை, பேத்திக்குப் பள்ளிக்கூடம். பகலெல்லாம் நானும் ஒரு பூனையும். சும்மா இருந்த அந்த நாட்களில்தான், கர்தார் சிங் இருந்த கதர் கட்சி பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஆங்கிலேயனை விரட்ட அமெரிக்காவில் இருந்த இந்தியர்கள் தொடங்கிய கட்சி அது. தமிழில் ‘கதர்’ என்று எழுதினால் காதி ஜிப்பா நினைவுக்கு வந்துவிடும். அந்தக் கதர் வேறு. இது உருதுச் சொல், கலகம் என்று பொருள். 1857ஐ ஆங்கிலேயன் அப்படித்தான் ஏளனமாகச் சொன்னான். ‘ஆமாம், கலகம்தான்’ என்று அதையே பத்திரிகைக்குப் பெயராக வைத்துவிட்டார்கள்.

கர்தார் சிங் 1896 மே 24இல் லூதியானா மாவட்டத்தில் சராபா என்கிற கிராமத்தில் பிறந்தார். ஊர்ப் பெயர்தான் பின்னால் ஒட்டிக்கொண்டது. அப்பா மங்கள் சிங் சீக்கிரமே போய்விட்டார், வளர்த்தவர் தாத்தா பதன் சிங். லூதியானாவில் மால்வா கால்சா பள்ளிக்கூடம், அப்புறம் ஒரிசாவில் சிற்றப்பா வீட்டில் தங்கிக் கட்டாக்கில் படிப்பு. 1912இல் பையன் மேல்படிப்புக்கு அமெரிக்கா போகட்டும் என்று தாத்தா கப்பல் ஏற்றிவிட்டார். கையில் கொஞ்சம் நிலமும் பெரிய ஆசையும் உள்ள எந்தத் தாத்தாவும் செய்கிற காரியம்தான். எங்கள் பக்கத்துத் தாத்தாக்கள் துபாய்க்கு விசா வாங்கிக் கொடுத்தார்கள்.

அந்தக் காலத்தில் பசிபிக் கரையோரம் போய்ச் சேர்ந்த பஞ்சாபிகளில் பெரும்பாலோர் படிக்கப் போனவர்கள் இல்லை. மர மில், ரயில் பாதை, பழத்தோட்டம். நிறையப் பேர் பிரிட்டிஷ் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். மகாராணிக்காகச் சீனாவிலும் ஆப்பிரிக்காவிலும் சண்டை போட்டவனுக்கு, அதே சாம்ராஜ்யத்தின் கொடி பறக்கும் கனடாவில் இறங்க இடமில்லை என்றார்கள். 1907 செப்டம்பரில் வாஷிங்டன் மாநிலத்துப் பெல்லிங்ஹாமில், மர மில்லில் வேலை செய்த இந்தியர்களை ஒரு கும்பல் இரவோடு இரவாக அடித்துத் துரத்தியது. கேட்க நாதியில்லை. ஜப்பான்காரனை அடித்தால் ஜப்பான் அரசாங்கம் கேட்கும், நம்மை அடித்தால் யார் கேட்பது என்கிற பேச்சு மில் கொட்டகைகளில் அப்போதுதான் ஆரம்பித்தது. விடுதலை வேட்கை எல்லோருக்கும் புத்தகத்தில் இருந்தா வருகிறது? சிலருக்குச் செருப்படி பட்டு வருகிறது.

1913இல் ஆரிகன் பக்கத்து மில் தொழிலாளிகள் கூடி ஒரு சங்கம் வைத்தார்கள். அதுதான் கதர் கட்சி. தலைவர் சோஹன் சிங் பக்னா, நாற்பது தாண்டியவர், மர மில் கூலி. செயலாளர் லாலா ஹர்தயாள், பெரிய படிப்பாளி, ஆக்ஸ்ஃபோர்டில் கிடைத்த உதவித்தொகையை வேண்டாம் என்று தூக்கிப்போட்டவர். பொருளாளர் பண்டித காஷி ராம். சீக்கியர், இந்து, முஸ்லிம் என்று எல்லோரும் இருந்தார்கள், மதப் பேச்சு கூட்டத்துக்கு வெளியே என்பது ஏற்பாடு. சங்கத்தின் முதல் வேலை பத்திரிகை. கட்சி என்றால் முதலில் கொடி, அப்புறம் கட் அவுட் என்று பார்த்துப் பழகிய நமக்கு இது புதுசு. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஹில் தெரு 436ஆம் எண் வீட்டைப் பிடித்து ‘யுகாந்தர் ஆசிரமம்’ என்று பெயர் வைத்தார்கள். 1913 நவம்பர் 1இல் ‘கதர்’ முதல் இதழ் உருதுவில் வந்தது. பத்திரிகைப் பெயரோடு ‘ஆங்கிலேய ஆட்சியின் எதிரி’ என்று போட்டுக்கொண்டார்கள். ஒளிவு மறைவு இல்லை.

கர்தார் சிங் படிப்பை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்துவிட்டார். டிசம்பரில் குர்முகி எழுத்தில் பஞ்சாபி இதழ் தொடங்கியபோது அது அவர் பொறுப்பு. ஹர்தயாள் உருதுவில் எழுதுவார், பையன் அதைப் பஞ்சாபியாக்குவார், அப்புறம் எழுந்து போய் மெஷினைச் சுற்றுவார். எழுதுகிறவனுக்குக் கையில் மை படாது, மெஷின்காரனுக்குப் பேனா பிடிக்கத் தெரியாது என்பதுதான் நான் பார்த்த பிரஸ் உலகம். இரண்டையும் ஒரே ஆள் செய்தால் ஒரு விஷயம் நடக்கும், அனுபவத்தில் சொல்கிறேன்: வாக்கியம் சுருங்கிவிடும். ஒவ்வொரு வரிக்கும் தோள் எவ்வளவு வலிக்கும் என்று தெரிந்தவன் வளவளவென்று எழுத மாட்டான்.

கதரில் வந்த ஒரு விளம்பரம் பிரசித்தம். ‘ஆட்கள் தேவை’ பாணியில் இருக்கும். இந்தியாவில் கலகம் செய்ய வீரர்கள் தேவை, சம்பளம் மரணம், பரிசு தியாகி என்ற பெயர், ஓய்வூதியம் விடுதலை, வேலை பார்க்கும் இடம் இந்துஸ்தான். நான் என் வாழ்நாளில் ‘ஆட்கள் தேவை’ நோட்டீஸ் எத்தனையோ கோத்திருக்கிறேன். ஜவுளிக்கடை, லாட்ஜ், நர்சிங் ஹோம். எல்லாவற்றிலும் ‘தகுதிக்கேற்ற சம்பளம்’ என்று ஒரு பூசி மெழுகல் வரும். இந்த விளம்பரத்தில் சம்பளத்தைப் பச்சையாகப் போட்டுவிட்டார்கள்.

பத்திரிகை இலவசம். தபாலில் கனடா, ஹாங்காங், ஷாங்காய், மணிலா, சிங்கப்பூர், மலாயா என்று சீக்கியப் பட்டாளமும் போலீசும் காவல்காரர்களும் இருந்த இடமெல்லாம் போனது. எழுத்துத் தெரியாதவர்களுக்குக் குருத்வாராவில் ஒருவர் உரக்க வாசிப்பார். கவிதைகள் வாயோடு வாயாகப் பரவின. இந்தியாவுக்குள் நுழையும் பிரதிகளைச் சுங்கத்தில் பிடித்துப் பறிமுதல் செய்தார்கள். ஆனாலும் வந்துகொண்டே இருந்தது.

1914 மே மாதம் கோமகட்டா மாரு கப்பல் கனடாவில் குடியேற வந்த 376 இந்தியர்களோடு வான்கூவர் துறைமுகத்துக்கு வந்து, இரண்டு மாதம் கரையில் கால் வைக்க விடாமல் நிறுத்தப்பட்டு, ஜூலையில் திருப்பி அனுப்பப்பட்டது. செப்டம்பர் 29 கல்கத்தா பக்கம் பஜ் பஜ்ஜில் இறங்கியவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு. அதற்குள் ஆகஸ்டில் உலகப் போர் வெடித்துவிட்டது. இங்கிலாந்து ஐரோப்பாவில் மாட்டிக்கொண்டிருக்கிறது, இதுதான் நேரம், ஊருக்குக் கிளம்புங்கள் என்று கதர் கூப்பிட்டது. மில்லிலும் தோட்டத்திலும் சேர்த்த காசைக் கட்சிக்குக் கொடுத்துவிட்டு ஆயிரக்கணக்கில் கப்பல் ஏறினார்கள்.

எதிரிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரியாமல் என்ன, பத்திரிகையிலேயே போட்டாயிற்றே! வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களை இறங்கிய இடத்திலேயே பிடித்து அடைக்க அவசரச் சட்டம் தயாராக இருந்தது. தலைவர் பக்னாவையே அக்டோபரில் கல்கத்தாவில் கப்பலோடு பிடித்துவிட்டார்கள். இதில் தப்பிப் பஞ்சாப் போய்ச் சேர்ந்த சிலரில் கர்தார் சிங் ஒருவர். மீசை சரியாக முளைக்காத பையன் என்பதால் விட்டிருப்பார்களோ என்று எனக்கு ஒரு நினைப்பு.

அடுத்த சில மாதங்கள் அவர் சைக்கிளில்தான் வாழ்ந்தார் என்று சொல்லலாம். கிராமம் கிராமமாக, பட்டாள முகாம் முகாமாக. லாகூர் பக்கத்து மியான் மீர், ஃபிரோஸ்பூர் என்று படைவீரர்களைச் சந்தித்து, நாள் குறித்தால் ஆயுதத்தோடு வருவீர்களா என்று பேச வேண்டும். வங்காளத்துப் புரட்சியாளர்களோடு தொடர்பு, விஷ்ணு கணேஷ் பிங்களே என்கிற மராட்டிய இளைஞரின் துணை, 1915 ஜனவரியில் வங்காளப் புரட்சியாளர் ராஷ் பிஹாரி போஸ் பஞ்சாபுக்கே வந்து தலைமை ஏற்றது, எல்லாம் இந்தச் சமயத்தில் நடந்தவை.

ஒரு விஷயத்தை மட்டும் தாண்டிப் போக மனம் வரவில்லை. பணம் வேண்டும் என்று ஜனவரி மாதத்தில் சாஹ்னேவால், மன்சூரான் போன்ற ஊர்களில் பணக்காரர் வீடுகளில் கொள்ளையடித்தார்கள். சாஹ்னேவாலில் ஓர் உயிரும் போனது. கொள்ளையடிக்கப் போன ஒரு வீட்டில் கூட வந்தவன் ஒரு பெண்ணின் கையைப் பிடித்தபோது, கர்தார் சிங் அவன் தலையில் துப்பாக்கியை வைத்து, அந்தப் பெண்ணின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்க வைத்தார் என்று ஒரு கதை உண்டு. அவரைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் சொல்கிற கதை. நான் நம்புகிறேன். ஆனால் நடு ராத்திரி கதவை உடைத்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்த அந்த வீட்டுக்காரர்களுக்கு இது என்ன ஆறுதல்? பத்திரிகை அடித்த பையன்தான் எனக்கு வேண்டியவன். இந்தப் பையனோடு எனக்குக் கொஞ்சம் சங்கடம் உண்டு.

சரி, தேதிக்கு வருகிறேன்.

எழுச்சிக்கு நாள் 1915 பிப்ரவரி 21. கட்சிக்குள் கிர்பால் சிங் என்று ஒருவர் இருந்தார், இருபத்து மூன்றாம் குதிரைப் படையில் அவருடைய உறவினர் இருந்ததால் முகாமுக்குள் போக வர வசதியான ஆள். அவர் போலீஸின் ஆள். விஷயம் கசிந்துவிட்டது என்று தெரிந்ததும் நாளை 19க்கு முன்னால் இழுத்தார்கள். அந்தப் புதுத் தேதியும் அதே கிர்பால் சிங் வழியாகவே போலீசுக்குப் போய்விட்டது. போக வேண்டிய முகாம்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்ததா என்றால், அதுதான் இல்லை.

இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1986 என்று நினைவு. ஒரு கோயில் திருவிழா நோட்டீஸ் எங்கள் பிரஸ்ஸுக்கு வந்தது, கோயில் பெயர் வேண்டாம். இரண்டாயிரம் பிரதி. தேரோட்டத் தேதியை நான் தப்பாகக் கோத்துவிட்டேன், 19க்குப் பதில் 21. புரூஃப் பார்த்தவரும் விட்டுவிட்டார். பாதி நோட்டீஸ் ஊருக்குள் போன பிறகு கண்டுபிடித்தார்கள். முதலாளி ஒன்றும் திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. ராத்திரி முழுக்கச் சின்னச் சின்னத் துண்டாகச் சரியான தேதியை அடித்து, மைதா பசையில் ஒவ்வொன்றாக ஒட்டினோம். கொடுத்துவிட்ட நோட்டீஸுக்காகச் சைக்கிளில் பக்கத்துக் கிராமமெல்லாம் சுற்றி, டீக்கடைச் சுவரில் ஒட்டியிருந்ததன் மேல் துண்டு ஒட்டினேன். அப்படியும் 21ஆம் தேதி காலையில் ஒரு மாட்டு வண்டி நிறையப் பாட்டிகளும் பிள்ளைகளும் வந்து இறங்கி, நிலைக்கு வந்துவிட்ட தேரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு தேதி ஊருக்குள் போய்விட்டால் அதைத் திரும்பக் கூப்பிட முடியாது. தந்தி, தபால் எல்லாம் எதிரி கையில் இருக்க, லாகூரில் இருந்து முகாம் முகாமாக இரண்டு நாளில் எப்படிக் கூப்பிடுவது?

19ஆம் தேதி கர்தார் சிங் சில டஜன் ஆட்களோடு ஃபிரோஸ்பூர் போனார். பஜனை கோஷ்டி மாதிரி, ஆர்மோனியம், டோலக் சகிதம். உள்ளே எல்லாம் முடிந்திருந்தது. சந்தேகத்துக்கு இடமான சிப்பாய்களிடம் ஆயுதத்தைப் பிடுங்கி, ஆயுதக் கிடங்குக்கு வெள்ளைக்காரக் காவல் போட்டிருந்தார்கள். பாட்டுப் பாட வந்தவர்கள் பாட்டோடு திரும்ப வேண்டியதாயிற்று.

ராஷ் பிஹாரி போஸ் தப்பிப் பின்னால் ஜப்பான் போய்ச் சேர்ந்தார். கர்தார் சிங், ஜகத் சிங், ஹர்நாம் சிங் டுண்டிலாட் மூன்று பேரும் வடமேற்கு எல்லை நோக்கிப் போனார்கள். டுண்டா என்றால் கை இழந்தவர். அமெரிக்காவில் வெடிகுண்டு செய்து பார்த்தபோது ஒரு கை போய்விட்டது, கூட இருந்தவர்கள் ‘லாட்’ என்று பட்டமும் சேர்த்துச் செல்லமாகக் கூப்பிட்டார்கள், ‘ஒற்றைக் கைப் பிரபு’ என்கிற மாதிரி. எங்கள் கம்பாசிட்டர் அண்ணனுக்கும் நாங்கள் ஒரு பெயர் வைத்திருந்தோம், எழுதினால் அடிக்க வருவார்.

எல்லையைத் தாண்டியிருந்தால் பிழைத்திருப்பார்கள். பிடிபட்டவர்களை விட்டுவிட்டு ஓடுகிறோமே என்று உறுத்தியதால் திரும்பினார்கள். சர்கோதா மாவட்டத்தில் தெரிந்த சிப்பாய்களைப் பிடித்து மறுபடி ஆரம்பிக்கலாம் என்று ஒரு திட்டம். அங்கே ரிசால்தார், அதாவது குதிரைப்படை அதிகாரி, கண்டா சிங் காட்டிக்கொடுத்து மார்ச் 2இல் பிடிபட்டார்கள். திரும்பியது வீரமா முட்டாள்தனமா என்று மகனிடம் கேட்டேன். “பதினெட்டு வயசுப்பா” என்றான். அதற்கு மேல் நானும் பேசவில்லை.

வழக்கு லாகூர் மத்தியச் சிறைக்குள்ளேயே நடந்தது. இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தனி நீதிமன்றம், மேல்முறையீடு கிடையாது. அறுபதுக்கு மேற்பட்டவர்கள் குற்றவாளிக் கூண்டில். கர்தார் சிங் எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டு பேசினார். நீதிபதிக்கே பொறுக்காமல், இன்று நீ சொன்னதை எழுதவில்லை, யோசித்துவிட்டு நாளைக்குச் சொல் என்றாராம். மறுநாளும் அதையே சொன்னார். செப்டம்பர் 13 தீர்ப்பில் 24 பேருக்குத் தூக்கு. இத்தனை பேரை ஒரேயடியாகத் தூக்கில் போட்டால் போர்க்காலத்தில் வம்பு என்று வைசிராய் ஹார்டிஞ்ச் 17 பேரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தார். குறைக்காமல் விட்ட ஏழு பேரில் வயதில் சின்னவர் இவர். எல்லோரிலும் அபாயமானவர் என்று நீதிமன்றம் சொன்னதும் இவரைத்தான்.

அப்போது பஞ்சாப் லெப்டினன்ட் கவர்னராக இருந்தவர் மைக்கேல் ஓட்வயர். இவரைத்தான் 1940இல் லண்டனில் உத்தம் சிங் சுட்டார். ஜாலியன்வாலா பாகில் சுட உத்தரவிட்ட ஜெனரல் டயர் வேறு ஆள், 1927லேயே நோயில் செத்துப்போனார். பெயர் ஒற்றுமையால் இரண்டையும் குழப்பி நானே ஒரு பள்ளி ஆண்டு மலரில் கோத்திருக்கிறேன், யாரும் திருத்தவில்லை.

தாத்தா பதன் சிங் சிறையில் வந்து பார்த்ததைப் பஞ்சாபில் தலைமுறையாகச் சொல்கிறார்கள். ஏண்டா இப்படிப் பண்ணினாய் என்று கிழவர் அழுகிறார். பேரன் ஊர்க்காரர் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி விசாரிக்கிறான். அவர் பிளேக்கில் போய்விட்டார், இவர் காலராவில் போய்விட்டார் என்கிறார் தாத்தா. அப்படிப் படுக்கையில் கிடந்து சாவதைவிட இது தேவலையே தாத்தா என்கிறான். கேட்கிறவர்களெல்லாம் பேரனைப் பாராட்டுகிறார்கள். எனக்கு அந்தக் கிழவர் திரும்பி ஊர் போன வழிதான் கண்ணில் நிற்கிறது. இந்தப் பிள்ளையைக் கப்பல் ஏற்றிவிட்டது அவர் கைதானே.

1915 நவம்பர் 16இல் ஏழு பேரையும் தூக்கிலிட்டார்கள். பிங்களேயும் ஜகத் சிங்கும் அதில் உண்டு. சராபாவின் புகைப்படத்தைப் பின்னாளில் பகத் சிங் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். தூக்கு நடந்தபோது பகத் சிங்குக்கு எட்டு வயது. மில் கூலி பக்னா அந்தமான் சிறையையெல்லாம் பார்த்துவிட்டு, 1968 வரை இருந்தார், தொண்ணூற்றெட்டு வயது.

ஊர் திரும்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, சான் ஃபிரான்சிஸ்கோவில் வுட் தெரு 5ஆம் எண்ணில் உள்ள கதர் நினைவு மண்டபத்துக்கு மகன் கூட்டிப் போனான். சின்னத் தெரு, சாதாரணக் கட்டடம். பூட்டியிருந்தது. கர்தார் சிங் மெஷின் சுற்றியது இந்த இடத்தில் இல்லை, ஹில் தெருவில், இந்த விலாசத்துக்குக் கட்சி வந்தது அவர் கிளம்பிப் போன பிறகுதான். அதை மகனிடம் சொன்னால் ‘இதற்கா இவ்வளவு தூரம்’ என்பான், சொல்லவில்லை. கண்ணாடியில் முகத்தை ஒட்டி உள்ளே பார்த்தேன். வெளிச்சம் போதவில்லை.

“என்னப்பா தெரியுது?” என்றான்.

“மெஷின் ஏதாவது வச்சிருக்காங்களான்னு பாக்கறேன்டா.”

வண்டியை நிறுத்திய இடத்தில் நேரம் முடியப் போகிறது என்றான். இன்னொரு நாள் போன் போட்டுக் கேட்டுவிட்டு வரலாம் என்றும் சொன்னான். செவ்வாய்க்கிழமை எனக்கு டிக்கெட்.